முற்றத்தில் அந்நியர்

மொரோக்கோவின் மராகேஷ் நகரத்துப் பழைய மதில்களுக்குள்ளே, சுமை ஏற்றிய கழுதை ஒன்று எதிரே வந்தால் நடப்பவர் சுவரோடு ஒதுங்கி நிற்கவேண்டிய சந்துகளின் முடிவில், ஜன்னலோ முகப்பு அலங்காரமோ இன்றி எழுந்து நிற்கும் செந்நிறச் சுவரும், அதில் பதிந்த கனத்த மரக்கதவுமே ஒரு வீட்டின் இருப்பை வெளியுலகத்துக்கு அறிவிக்கின்றன. உள்ளே வசிப்பவன் வறியவனா, வணிகச் செல்வனா என்பதை அந்தச் சுவர் காட்டிக்கொடுப்பதில்லை. கதவைத் திறந்து, இருண்ட நடையில் ஒரு திருப்பமும் மறுபடி ஒரு திருப்பமும் கடந்த பிறகு, திடீரென்று வானம் தெரிகிறது. ஆரஞ்சு மரங்களும், நடுவே ஒரு சிறு நீரூற்றும், நாற்புறமும் வண்ண ஓடுகள் பதித்த சுவர்களும் கண்முன் விரிகின்றன. ரியாத் என்று பெயர் பெற்ற இத்தகைய வீடுகளில் பல இன்று ஐந்தாறு அறைகளே கொண்ட சிறிய விடுதிகளாக மாறிவிட்டன. எந்த அந்நியனுடைய பார்வையிலிருந்து குடும்பத்தைக் காக்கவேண்டும் என்பதற்காக இந்த வீடு அங்கம் அங்கமாகத் திட்டமிடப்பட்டதோ, அந்த அந்நியனே இன்று அதன் நடுமுற்றத்தில் அமர்ந்து காலை உணவு உண்கிறான். இந்த மாறுதலால் வீடு பெற்றது என்ன, இழந்தது என்ன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீட்டின் அமைப்பை முதலில் அறிந்துகொள்ளவேண்டும். பெருவீதியிலிருந்து கிளைத்து, சில வீடுகளுக்கு மட்டும் வழிவிட்டு முடிந்துவிடும் முட்டுச்சந்தை மொரோக்கோ மக்கள் தெர்ப் என்கிறார்கள். முற்காலத்தில் பல தெர்புகளுக்குத் தனியே வாயிற்கதவும் இருந்தது. இரவில் அது சாத்தப்படும். ஆகவே கடைவீதியின் ஆரவாரத்திலிருந்து சந்துக்கும், சந்திலிருந்து கதவுக்கும், கதவிலிருந்து வளைந்து செல்லும் நடைக்கும் வருவதற்குள் பொதுத்தன்மை படிப்படியாகக் குறைந்து, அந்தரங்கம் படிப்படியாக மிகுகிறது. நடையை வளைத்துக் கட்டியதற்குக் காரணம் வெளிப்படை: கதவு திறந்திருக்கும்போதும் வழியிற் செல்பவன் கண்ணுக்கு முற்றம் புலப்படலாகாது. முற்றத்தைச் சுற்றி எதிரெதிராக அமைந்த அறைகள் நீளமாகவும் குறுகலாகவும் இருக்கும்; கூரையைத் தாங்கும் தேவதாரு உத்தரங்களின் நீளமே அறையின் அகலத்தை நிர்ணயிப்பதால், அது பெரும்பாலும் மூன்று மீட்டரை ஒட்டியே நின்றுவிடுகிறது. ஒவ்வொரு அறையும் முற்றத்தையே நோக்கித் திறக்கிறது; வெளிச்சமும் காற்றும் அங்கிருந்துதான் வரவேண்டும். முற்றம் முழுவதும் தளம் பாவியிருந்தால் அந்த வீட்டைத் தார் என்றும், குறுக்கும் நெடுக்கும் செல்லும் இரு பாதைகளால் நான்காகப் பகுக்கப்பட்ட தோட்டம் இருந்தால் ரியாத் என்றும் வழங்குவது மரபு. இக்காலத்து விடுதிக்காரர்கள் இரண்டையும் ரியாத் என்றே விளம்பரம் செய்கிறார்கள்.

அந்நியரை விலக்கிய இந்தச் சமூகம் விருந்தோம்பலை மறந்த சமூகமன்று. வசதி படைத்த இல்லங்களில், முன்நடையிலிருந்தே தனிப் படிக்கட்டு ஏறிச் சென்றடையும் சிறிய மாடிப்பகுதி ஒன்று அமைந்திருக்கும்; மொரோக்கோவின் மற்றொரு பழைய நகரமான ஃபெஸில் இதனை மஸ்ரிய்யா என்பர். வீட்டுத் தலைவரைக் காணவந்த ஆண் விருந்தினர், குடும்பத்தாரின் முற்றத்தில் கால் வைக்காமலே அங்கு உபசரிக்கப்பட்டு, உண்டு, உறங்கி, மறுநாள் புறப்பட்டுவிடலாம். உபசாரத்துக்கு ஓர் இடம், குடும்பத்துக்கு ஓர் இடம் என்று இவ்வளவு தெளிவாகப் பகுத்துக் கட்டியவர்கள் எண்ணத்தில், விருந்தினர் என்றாவது ஒரு நாள் முற்றத்தின் உரிமையாளராகிவிடுவார் என்ற நினைவு எழுந்திருக்க நியாயமில்லை.

இத்தோட்ட வீட்டின் பூர்வீகம் நெடியது. மராகேஷில் குத்துபிய்யா மசூதியின் அருகே நடந்த அகழ்வாராய்ச்சியின் முடிவுகளை மெனியே, தெராஸ், தெவெர்துன் என்ற மூன்று பிரெஞ்சு அறிஞர்கள் 1952ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 1147இல் நகரத்தைக் கைப்பற்றிய அல்மொஹாதுகள், தோற்ற அரசர்களுடைய அரண்மனையின் மீதே தங்கள் மசூதியை எழுப்பினார்கள் என்பதும், அந்த அரண்மனையில் அல்மொராவிது அரசன் அலி இப்னு யூசுஃபின் காலத்துச் சிறு தோட்ட முற்றம் ஒன்று இருந்தது என்பதும் அதனால் புலனாயின. கடலுக்கு அப்பால் ஸ்பெயினில் இருந்த ஆந்தலூசிய நாட்டிலும் அதே காலத்தை ஒட்டி இவ்வகைத் தோட்டங்கள் சிறந்து விளங்கின. நீரிணையின் இரு கரைகளுக்கும் இடையே அரசர்களும் கொத்தர்களும் போய்வந்துகொண்டிருந்த யுகம் அது. வறண்ட சமவெளியில் தோட்டம் என்றால் முதலில் வேண்டுவது ஜலம். அதே அலி இப்னு யூசுஃபின் காலத்தில் உபைதுல்லாஹ் இப்னு யூனுஸ் என்னும் பொறியாளர் நிலத்தடி நீரைச் சாய்வான சுரங்கக் கால்வாய்களின் வழியே நகரத்துக்குக் கொண்டுவந்த செய்தியை, 12ஆம் நூற்றாண்டின் புவியியல் அறிஞர் அல்-இத்ரீசி குறித்து வைத்திருக்கிறார். கெத்தாரா எனப்படும் அந்தச் சுரங்கங்கள் பல நூற்றாண்டுகள் மராகேஷின் தோட்டங்களை வாழவைத்தன; இயந்திர இறைப்பு வந்து நிலத்தடி நீர்மட்டம் கீழிறங்கியபின் அவற்றில் பெரும்பாலானவை வறண்டுபோயின.

சுவரில் ஜன்னல் இல்லாமைக்குச் சமயமும் சட்டமும் காரணம் என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். அதை இன்னும் நுணுகிப் பார்க்கலாம். இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளுள் ஒன்றான மாலிகி மரபே மொரோக்கோவிலும் அண்டை நாடுகளிலும் பன்னெடுங்காலமாக வழங்கிவருகிறது. 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தூனிஸ் நகரத்தில் வாழ்ந்த இப்னு அர்-ராமி என்ற கட்டடக் கலைஞர், வீடுகளைப் பற்றிய வழக்குகளையும் தீர்ப்புகளையும் அந்த மரபின்படி தொகுத்து ஒரு நூல் இயற்றினார். அண்டை வீட்டாருக்குத் தீங்கு விளைவிக்கலாகாது என்பதே அவற்றின் அடிப்படை. ஒருவருடைய முற்றத்தைப் பிறர் பார்க்க இடமளிப்பதும் தீங்காகவே கருதப்பட்டது. மாடி உயர்த்துவதா, கதவை எங்கே வைப்பது, எதிர்வீட்டுக் கதவுக்கு நேரே வைக்கலாமா என்ற கேள்விகளெல்லாம் பார்வை என்னும் ஒரே அளவுகோலால் தீர்க்கப்பட்டன. ஆகவே இந்நகரங்களின் உருவத்தை எந்த அரசனுடைய வரைபடமும் வகுக்கவில்லை என்பதும், அயலாரோடு ஒருவர் கொண்ட உடன்பாடே சந்து சந்தாக அதை வளர்த்தது என்பதும் என் துணிபு. பின்னால் வரும் ஒரு விஷயத்துக்கு இது முக்கியமானது.

சீதோஷ்ணமும் இந்த அமைப்புக்குத் துணை நின்றது. மராகேஷில் கோடைப் பகலின் உஷ்ணம் 40 பாகை செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். ஆனால் வானம் மேகமற்றும் காற்று வறண்டும் இருப்பதால், சூரியன் மறைந்தபின் தரையும் சுவரும் தங்கள் வெப்பத்தை விரைவில் வானத்துக்கு விட்டுவிடுகின்றன. குளிர்ந்த காற்று கனமானதாகையால் இரவில் முற்றத்துக்குள் இறங்கித் தேங்குகிறது; தடித்த மண்சுவர்கள் அக்குளிர்ச்சியைப் பற்றிவைத்து மறுநாள் நண்பகல் வரை காக்கின்றன. மரங்களின் நிழலும் நீரின் ஆவியும் அதற்கு உதவுகின்றன. குளிர்காலத்தில் இதே குணம் குறையாகிவிடுகிறது; அட்லாஸ் மலையில் பனி படிந்திருக்கும் மாதங்களில் ரியாத் வீட்டின் கீழ்த்தள அறைகள் நடுங்கவைக்கும் குளிரோடு இருப்பதைப் பிரயாணிகள் அறிந்துவைப்பது நல்லது.

அப்படியானால் முற்காலத்தில் அந்நியர்கள் எங்கே தங்கினார்கள்? அவர்களுக்கென்று ஃபுந்துக் என்னும் சத்திரங்கள் இருந்தன. அதுவும் முற்றத்தைச் சுற்றிய கட்டடந்தான். கீழே சரக்குகளும் மிருகங்களும், மேலே வணிகர்களுக்குச் சிறு அறைகளும் இருக்கும். 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர்களால் லியோ ஆஃப்ரிக்கானுஸ் என்று அழைக்கப்பட்ட ஹஸன் அல்-வஸ்ஸான், தாம் வளர்ந்த ஃபெஸ் நகரத்தில் ஏறக்குறைய 200 சத்திரங்கள் இருந்ததாகவும், அவற்றுள் சில 120 அறைகளுக்கு மேற்பட்டவை என்றும் எழுதுகிறார். கட்டில் கிடையாது, விரிப்பும் போர்வையுமே கிடைக்கும், உணவுப் பொருளைப் பிரயாணியே வாங்கிவந்து சமைக்கக் கொடுக்கவேண்டும் என்றும் அவர் விவரிக்கிறார். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நெஜ்ஜாரின் ஃபுந்துக் இன்றும் ஃபெஸ் நகரத்தில் தச்சுக் கலைப் பொருட்காட்சிசாலையாக நிற்கிறது. சத்திரத்தின் முற்றம் வியாபாரத்துக்கு உரியது, இல்லத்தின் முற்றம் குடும்பத்துக்கு உரியது என்ற எல்லை பல நூற்றாண்டுகள் கலங்காமல் இருந்தது.

அந்த எல்லை கலங்கியது எங்ஙனம் என்பதை 1912ஆம் ஆண்டிலிருந்து தொடங்கிச் சொல்லவேண்டும். அவ்வாண்டில் பிரான்ஸ் மொரோக்கோவைத் தன் பாதுகாப்பாட்சியின் கீழ்க் கொண்டுவந்தது. முதல் ஆளுநர் லியோத்தேயும் அவருடைய நகர அமைப்பாளர் ஆன்ரி ப்ரோஸ்தும், பழைய நகரங்களை உள்ளபடியே விட்டுவிட்டு, அவற்றுக்கு வெளியே அகன்ற வீதிகளோடு ஐரோப்பியருக்கான புதுநகரங்களை நிர்மாணித்தார்கள். பழைய நகரம் இடிபடாமல் தப்பியது இக்கொள்கையால்தான் என்று புகழ்வோர் உண்டு. ஒரு மக்களை அவர்களுடைய பழமைக்குள்ளேயே அடைத்துவைத்த கொள்கை இது என்று கண்டிப்போரும் உண்டு. ஜானெட் அபு-லுகோத் 1980இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் ரபாத் நகரத்தை எடுத்துக்கொண்டு இரண்டாம் கட்சியை ஆணித்தரமாக நிறுவினார். நான் அவர் பக்கமே சாய்கிறேன். 1956இல் சுதந்திரம் வந்து பிரெஞ்சுக்காரர்கள் புதுநகர வீடுகளைக் காலிசெய்தபோது, மொரோக்கோவின் செல்வக் குடும்பங்கள் மின்சாரமும் மோட்டார் வாகனமும் எளிதில் எட்டும் அவ்விடங்களை நாடின. பலர் காசாபிளாங்காவுக்கே குடிபெயர்ந்தனர். அவர்கள் விட்டுச் சென்ற முற்ற வீடுகள் அறை அறையாக வாடகைக்கு விடப்பட்டன. கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள், அறைக்கு ஒன்றாக, ஒரே முற்றத்தைப் பங்கிட்டுக்கொண்டு வாழ்ந்தன. வாரிசுரிமைப்படி ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் ஏற்பட்டார்கள். எல்லாரும் ஒப்பாமல் விற்கவும் முடியாது, பழுதுபார்க்கச் செலவிடவும் ஒருவருக்கும் மனமில்லை. ஓடுகள் உதிர்ந்தன, உத்தரங்கள் உளுத்தன. 1981இல் ஃபெஸ் நகரமும் 1985இல் மராகேஷ் நகரமும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோவினால் ஏற்கப்பட்டது இந்த நிலையில்தான்.

வெளிநாட்டுச் செல்வர்களும் கலைஞர்களும் மராகேஷில் வீடு வாங்கியது இதற்கு முன்பே தொடங்கியிருந்தது. பிரெஞ்சு ஆடைக் கலைஞர் ஈவ் ஸான் லோரான் 1966இல் பழைய நகரத்திலேயே ஒரு வீடு வாங்கினார். ஆயினும் அது சிலருடைய விருப்பமாகவே இருந்தது. 1990களின் இறுதியில்தான் நிலைமை மாறியது. பாரிஸில் ஒரு சிறு குடியிருப்பு வாங்கும் பணத்தில் இங்கே தோட்டத்தோடு ஒரு மாளிகையே வாங்கலாம் என்ற செய்தி பத்திரிகைகளின் வழியாகவும் தொலைக்காட்சியின் வழியாகவும் பிரான்ஸ் முழுவதும் பரவியது. விமானக் கட்டணம் குறைந்தது. நகரத்துக்குள் அந்நியர் வீடு வாங்கச் சட்டமும் தடை சொல்லவில்லை. 2010ஆம் ஆண்டுக்குள் ஆண்டுக்கு 1 கோடிப் பிரயாணிகளை வரவழைப்பது என்ற இலக்கை 2001இல் அரசு அறிவித்தது. 2002இல் பிறப்பிக்கப்பட்ட 61-00 எண் கொண்ட சட்டம், பழைய இல்லம், ரியாத், அரண்மனை, கோட்டை வீடு முதலியவற்றில் நடத்தப்படும் விருந்தினர் இல்லத்தைத் தங்கும் விடுதிகளுள் தனி வகையாக வரையறுத்தது. குடும்பங்களின் அந்தரங்கமாக இருந்தது அன்று முதல் அரசாங்க ஏடுகளில் ஒரு தொழிலாயிற்று.

இத்தொழில் செய்த நன்மையை மறுப்பது நேர்மையாகாது. மடிந்துகொண்டிருந்த கைவினைகள் பல இதனால் மீண்டும் உயிர்பெற்றன. தாதலாக்த் என்னும் சுண்ணப் பூச்சை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். மராகேஷ் வட்டாரத்துச் சுண்ணாம்பைக் குழைத்துச் சுவரில் பூசி, அது இறுகும் தறுவாயில் வழவழப்பான கூழாங்கல்லால் அங்குலம் அங்குலமாகத் தேய்த்து மெருகேற்றி, ஆலிவ் எண்ணெயிலிருந்து செய்த கருஞ்சவுக்காரத்தை அதன்மேல் பூசுவார்கள். சவுக்காரம் சுண்ணாம்போடு கலந்து நீரில் கரையாத ஒரு படலமாக இறுகிவிடுகிறது. முற்காலத்தில் நீர்த்தொட்டிகளுக்கும் பொதுக் குளியற்கூடங்களுக்கும் உரியதாக இருந்த இந்தப் பூச்சு, விடுதிகளின் குளியலறைகள் கேட்டதனால் புதிய தலைமுறைக் கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஸெல்லிஜ் என்னும் வண்ண ஓட்டு வேலையும் அப்படியே. பளபளப்பூட்டிச் சுட்ட ஓட்டை ஆசாரி ஒருவர் கூரிய சுத்தியலால் நட்சத்திரமாகவும் பட்டமாகவும் செதுக்கிக் கொடுக்க, மற்றொருவர் அத்துண்டுகளை வண்ணமுகம் கீழே இருக்கக் கவிழ்த்து அடுக்கிக் கோலத்தை நிறைவிக்கிறார்; தாம் இயற்றும் சித்திரத்தை அது முடியும்வரை அவர் காண்பதில்லை. இவ்வித்தைகளின் தலைமை ஆசாரியை மஅல்லெம் என்று மரியாதையோடு அழைப்பார்கள். அவருக்கு இன்று கூலியும் சீடர்களும் கிடைப்பதற்கு விடுதித் தொழிலே பெரிதும் காரணம்.

ஆனால் பழுதுபார்த்தல் என்ற பெயரில் நடந்தவை எல்லாம் வீட்டுக்கு நன்மையாகவில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு கழிப்பிடம் போதுமென்று கட்டிய வீட்டில் அறைதோறும் குளியலறை வைத்தபோது, மண்சுவர்களுக்குள் குழாய்களும் ஈரமும் புகுந்தன. மண்சுவர் மூச்சுவிடும் தன்மை கொண்டது. சுண்ணாம்பு அதற்கு இடம் கொடுக்கும், சிமெண்டு கொடுக்காது. சிமெண்டுப் பூச்சுக்குப் பின்னால் அடைபட்ட ஈரம் சுவரை உள்ளிருந்தே அரித்துவிடுகிறது. நீரூற்று இருந்த இடத்தில் நீச்சல் தொட்டி தோண்டிய வீடுகளும் உண்டு. கெத்தாராக்கள் வறண்டுபோன ஒரு நகரத்தில் அந்தத் தொட்டிகளைக் காணும்போது மனம் வருந்துகிறது.

இனி, தங்கும் அனுபவத்தின் தன்மை. அந்நியர் உள்ளே இருப்பாரென்று எண்ணாமல் கட்டிய வீடாகையால், உள்ளே இருப்பவர்களுக்கிடையே அது எந்தத் திரையும் இடுவதில்லை. ஓர் அறையின் கதவு திறக்கும் ஓசையை எல்லா அறைகளும் கேட்கின்றன. மாடி நடையில் நிற்பவர் கீழே தேநீர் அருந்துவோரைக் காண்கிறார். ஒருவர் இருமினால் வீடே அறிகிறது. ஆகவே ஒருவரை ஒருவர் அறியாத பிரயாணிகள் இரண்டாம் நாளுக்குள் குரல் தாழ்த்திப் பேசவும், படியில் விலகி வழிவிடவும், காலை வணக்கம் கூறவும் பழகிவிடுகிறார்கள். பெரிய ஹோட்டல்கள் தர முடியாத இந்தப் பழக்கத்தைத் தருவது அக்கட்டடத்தின் அமைப்பே. காலையில் மடிப்பு மடிப்பாகச் சுட்ட மெஸ்மென் ரொட்டியும், துளைத்துளையான பக்ரீரும், தேனும், ஆலிவும், புதினாத் தேநீரும் முற்றத்துக்கு வருகின்றன. சமைக்கும் பெண்மணியை தாதா என்று மரியாதையாக அழைப்பது பல விடுதிகளில் வழக்கம். முற்காலத்துச் செல்வர் வீடுகளில் அடிமைகளாக இருந்து அடுப்படியை ஆண்ட கறுப்பினப் பெண்களுக்கு வழங்கிய பெயர் அது. உணவை வியந்து உண்பவர்கள் அந்த வரலாற்றையும் அறிந்திருக்கவேண்டும் என்று நான் கருதுகிறேன்.

மொட்டைமாடியின் கதை இன்னும் கூர்மையானது. துணி உலர்த்தவும், தானியம் காயவைக்கவும், அண்டை வீட்டாரோடு பேசவும் ஸ்திரீகளுக்கு உரியதாக இருந்த இடம் அது. ஆண்கள் அங்கே ஏறி நிற்பது அநாகரிகம். 1940இல் ஃபெஸ் நகரத்தில் பிறந்த சமூகவியல் அறிஞர் ஃபாத்திமா மெர்னிஸ்ஸி, முற்ற வீட்டில் கழிந்த பெண்களின் வாழ்வை 1994இல் வெளியான தம் நூலில் எழுதியபோது, முற்றத்தின் வாசல் அவர்களுக்கு அடைபட்ட எல்லையாகவும், மாடி சுதந்திரத்தின் சாயலாகவும் இருந்ததைக் காட்டினார். 1954இல் மராகேஷுக்கு வந்த எழுத்தாளர் எலியாஸ் கானெட்டி, நண்பரின் வீட்டு மாடிக்கு ஏறியபோது பக்கத்து மாடிகளைப் பார்க்கலாகாது என்று எச்சரிக்கப்பட்டதைப் பதிவு செய்திருக்கிறார். இன்று விடுதி மாடிகளில் சாய்வு நாற்காலிகளும் உணவு மேஜைகளும் இடப்பட்டிருக்கின்றன. அந்நிய ஆடவரும் பெண்டிரும் அங்கிருந்து நாற்புறமும் நோக்குகிறார்கள். விளைவாக அண்டை வீட்டுப் பெண்கள் தங்கள் மாடியையும், சில வேளை தங்கள் முற்றத்தையுமே இழக்கிறார்கள். இப்னு அர்-ராமியின் காலத்துச் சட்டம் தீங்கு என்று தீர்த்த செயல், இக்காலத்தில் காட்சி என்ற பெயரில் விலைக்கு விற்கப்படுகிறது.

முற்ற வீடு தனியே நிற்கும் பொருளன்று. ஒவ்வொரு பேட்டைக்கும் மசூதி, குழந்தைகள் ஓதும் பள்ளி, பொதுக் குளியற்கூடம், நீர்த்தொட்டி, வீட்டில் பிசைந்த மாவைக் கொண்டுபோய்ச் சுட்டு வாங்கும் பொது அடுப்பு ஆகிய ஐந்தும் வேண்டும் என்பது பழைய முறை. ஃபர்ரான் எனப்படும் அந்த அடுப்பின் உரிமையாளர் எந்த ரொட்டி எந்த வீட்டுடையது என்பதை அடையாளம் கண்டு சொல்லிவிடுவார். ஒரு சந்தில் உள்ள வீடுகளெல்லாம் விடுதிகளாகிவிட்டால், மாவு கொண்டுவரும் பிள்ளைகள் இல்லை, அடுப்பு அணைகிறது, பள்ளியில் ஓதுவோர் குறைகின்றனர். வீட்டு விலை உயர்ந்ததால் விற்றுச் சென்றவர்களில் பலர் நகருக்கு வெளியே நல்ல வீடு கட்டிக்கொண்டார்கள் என்பது உண்மை. அவர்களை யாரும் குறைகூற முடியாது. ஒரே அறையில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு அந்தப் பணத்தில் பங்கில்லை என்பதும் உண்மை.

இத்தொழில் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதைக் கடந்த சில ஆண்டுகள் காட்டின. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் எல்லைகள் மூடப்பட்டபோது முற்றங்கள் வெறிச்சோடின. 2023 செப்டம்பர் 8ஆம் தேதி இரவு, 6.8 அளவுள்ள நிலநடுக்கம் உயர் அட்லாஸ் மலைப் பகுதியை உலுக்கிற்று. 2,900 பேருக்கு மேல் மாண்டனர். பேரழிவு மலைக் கிராமங்களுக்கே ஆயினும், மராகேஷின் பழைய நகரத்திலும், விசேஷமாக யூதர்களின் பழைய குடியிருப்பான மெல்லாவிலும், வீடுகள் விழுந்தன. அன்றிரவு பிரயாணிகளும் நகர மக்களும் ஒரே வீதிகளிலும் சதுக்கங்களிலும் படுத்து உறங்கினார்கள்.

விடுதித் தொழில் சுவர்களைக் காத்தது, கைவினையைக் காத்தது, பல குடும்பங்களுக்கு ஊதியமும் தந்தது. சந்தின் வாழ்வை மட்டும் அது தானாகக் காக்காது. சந்துக்கு இத்தனை விடுதிகள்தாம் என்று நகராட்சி வரம்பு கட்டுவதும், எஞ்சியிருக்கும் குடும்பங்கள் தங்கள் வீட்டைப் பழுதுபார்க்க உதவி பெறுவதும் இன்றியமையாதவை என்பது என் முடிவு. மராகேஷுக்கோ ஃபெஸ் நகரத்துக்கோ செல்ல நேரும் வாசகரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அண்டை வீடுகளில் இன்னும் குடும்பங்கள் வாழ்கிற சந்தில், அந்தச் சந்தின் அடுப்பிலேயே ரொட்டி வாங்கும் சிறிய இல்லமாகத் தேடித் தங்குங்கள். நீச்சல் தொட்டி உள்ள வீட்டைத் தவிருங்கள். மாடிக்கு ஏறினால் மலையையும் வானத்தையும் பாருங்கள், பக்கத்து முற்றத்தைப் பார்க்காதீர்கள். இரவில் அங்கே மெல்லப் பேசுங்கள். அடுத்த வீட்டில் உறங்குகிறவர்கள் விடிந்ததும் வேலைக்குப் போகவேண்டியவர்கள்.